அறுபத்தோராவது பலூன்

எழுத்தக்காவுக்குப் படக்கதை பிடிக்காது. இதை முதலிலேயே போட்டு உடைத்துவிடுகிறேன். பதினோரு வருடம் இதை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு அவள் பட்ட பாடே போதும், நீங்களும் படவேண்டாம். கால்சட்டைக்கு மேலே ஜட்டியை மாட்டிக்கொண்டு ஒரு தடியன் ஆகாயத்தில் பறக்கிறான், ஊரே வாயைப் பிளந்து பார்க்கிறது என்றால் அவளுக்குக் கொட்டாவிதான் வரும். பிடிக்காதது குற்றமில்லை. எத்தனையோ பேருக்கு எத்தனையோ பிடிப்பதில்லை. ஆனால் அவள் வேலை பார்த்தது படக்கதைப் பத்திரிகையில். கதையை எழுதியதோ கூடப்பிறந்த தம்பி. கோளாறு அங்கேதான்.

அலுவலகம் ஒரு பேட்டரிக் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில் இருந்தது. மூன்று மேசை, ஓர் இரும்பு அலமாரி, ஜன்னலோரம் சாய்வாக ஒரு பலகை. அந்தப் பலகை எழுத்தக்காவின் இடம். கதையில் யார் பேசினாலும் பேச்சு ஒரு முட்டைக் கோட்டுக்குள் வருமில்லையா, அதற்குத் தொழிலில் பலூன் என்று பெயர். ஓவியர் படத்தை வரைந்து, பலூன்களை வெறுமையாக விட்டு, ஒவ்வொன்றிலும் பென்சிலால் சின்னதாக ஓர் எண் போட்டு அனுப்புவார். தம்பியின் வசனத் தாளிலும் அதே எண்கள் இருக்கும். எண்ணுக்கு எண் பார்த்து வசனத்தை மையில் எழுதி, பிறகு பென்சில் கோடுகளை ரப்பரால் துடைப்பது அவள் வேலை. அதனால்தான் எழுத்தக்கா. அவளைவிட எட்டு வயது மூத்த ஆசிரியரும் அப்படித்தான் கூப்பிடுவார்.

பதினோரு வருடத்தில் ஓர் எழுத்துப் பிழை கிடையாது. ஒற்று விழுந்ததில்லை, சுழி கூடினதில்லை. "எங்க எழுத்தக்கா பேனாவைத் தொட்டா பிழை பயந்து ஓடிடும்" என்று ஆசிரியர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பீற்றிக்கொள்வார். ரகசியம் ரொம்பச் சின்னது. அவள் படிப்பதில்லை, அவ்வளவுதான். இங்கே வருவதற்கு முன் பெயர்ப்பலகை எழுதிய காலத்தில் கற்றுக்கொண்ட வித்தை அது. படித்தால் மனசு முந்திக்கொள்ளும். அடுத்த சொல் இதுதான் என்று தானாக ஒன்றை நினைத்துக்கொண்டு கை தப்பு செய்யும். படிக்காமல் 'க' வந்தால் 'க', கால் வந்தால் கால் என்று பார்த்துப் பார்த்து எழுதினால் பிழைக்கு வழியே இல்லை. ஆக, கதை கண் வழியாக வந்து கை வழியாகப் போய்விடும். நடுவில் தலைக்குள் ஒரு வாய் தண்ணீர் குடிக்கக்கூட நிற்காது.

முதல் இதழை மட்டும் அவள் படிக்க முயன்றாள். தம்பியின் கதாநாயகன் பெயர் வானந்தாங்கி. எது விழுந்தாலும் தாங்கிப் பிடிப்பான்; அவனுடைய சக்தி அது ஒன்றே. யாரையும் அடிக்க மாட்டான். முதல் இதழில் ஒரு தண்ணீர்த் தொட்டியைத் தாங்கிக்கொண்டு நான்கு பக்கம் நின்றான். இரண்டாவது பக்கத்திலேயே அக்கா தூங்கிப்போனாள். மறுநாள் தம்பி வந்து பலகையோரம் நின்றான். அப்போது அவனுக்கு இருபத்தெட்டு வயது.

"எப்படிக்கா இருந்துச்சு?"

"அருமைடா. அந்தக் கடைசிப் பக்கம் இருக்கே, அப்பப்பா!"

அவன் முகம் பூத்துவிட்டது. "கடைசிப் பக்கத்தை நீ கண்டுபிடிச்சிட்டியா? அதுக்காகத்தான் மொத்தக் கதையும்" என்றான். அக்காவுக்குச் சுருக்கென்றது. ஆனால் முகம் பூத்தவனிடம் போய் நான் தூங்கிவிட்டேன் என்று எந்த அக்கா சொல்லுவாள்? ஒரு பொய்யை மறைக்க ஒன்பது பொய் வேண்டும் என்பார்கள். இவளுக்கு மாதம் ஒரு பொய்தான் தேவைப்பட்டது. அதுவும் அதே பொய். நூற்று முப்பத்திரண்டு இதழ், நூற்று முப்பத்திரண்டு 'அந்தக் கடைசிப் பக்கம் இருக்கே'. தம்பி ஒவ்வொரு தடவையும் நம்பினான். படிக்கிறவர்களில் முதல் ஆள் அக்காதான் என்று நண்பர்களிடம் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

வானந்தாங்கி ஒருபோதும் முகமூடியைக் கழற்றியதில்லை. வாசகர்களைப் பதினோரு வருடம் கட்டிப்போட்டது அந்த ஒரு கேள்விதான்: ஏன் முகத்தை மூடிக்கொள்கிறான்? தழும்பு என்றார்கள் சிலர். இரட்டையர் என்றார்கள் சிலர். எதிரி நொறுக்கியும் அவனும் அண்ணன் தம்பி என்று பந்தயம் கட்டியவர்களும் உண்டு. கடைசி இதழில் பதில் வரும் என்று ஆசிரியர் மூன்று மாதம் முன்பே அட்டையில் கொட்டை எழுத்தில் போட்டுவிட்டார்.

அந்தக் கடைசி இதழுக்கு வருவோம். பாலம் ஒன்று இடிகிறது, அதில் ஒரு பஸ் தொங்குகிறது, வானந்தாங்கி பாலத்தைத் தாங்குகிறான். ஒன்பதாம் பக்கத்தில் ஓவியருக்கு இடம் நெருக்கடி. போலீஸ்காரர் பேசும் பதினான்காவது பலூனை எடுத்துவிட்டால் பாலம் இன்னும் பெரிதாக வரும் என்று அவருக்குப் பட்டது. எடுத்தார். அதோடு விட்டிருக்கலாம். பதினைந்தாவது பலூனுக்குப் பதினான்கு என்று எண் போட்டு, அடுத்தடுத்து எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டே போனார். ஓரத்தில் பென்சிலால் '14 வேண்டாம், ஒன்று தள்ளிப் படிக்கவும்' என்று குறிப்பும் எழுதினார். பாவம், அவர் மேல் குற்றமில்லை.

எழுத்தக்கா ஓரங்களைப் பார்ப்பதில்லை. ஓவியரின் ஓரங்களில் எப்போதும் 'மேகம் இன்னும் கறுப்பு', 'மூக்கு சரியில்லை' என்று எதையாவது கிறுக்கியிருக்கும். பலூனில் பதினான்கு, தாளில் பதினான்கு. எழுதினாள். பதினைந்துக்குப் பதினைந்து. எழுதினாள். இப்படியே அறுபது வரை வந்தாயிற்று. பலூன் முடிந்துவிட்டது, தாளில் அறுபத்தொன்று மிச்சம். இரண்டு வரி வசனம். அதை வைக்க எங்கும் இடமில்லை.

இதற்கு முன்பும் ஒரு 'ஆஹா', ஒரு 'ஐயோ' மிஞ்சியதுண்டு. வாசலில் அச்சகத்து ஆள் ஹெல்மெட்டைக் கையில் மாட்டிக்கொண்டு நின்றான். தம்பிக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். ஓவியரைக் கேட்டிருக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த இரண்டு வரியை ஒரு தடவை படித்துப் பார்த்திருக்கலாம். அவள் தாளை மடித்து இழுப்பறையில் போட்டாள், பக்கம் முழுக்க ரப்பரால் துடைத்தாள், ஊதினாள், கொடுத்தனுப்பினாள். ஓவியரின் குறிப்பும் ரப்பர்த் தூளோடு போயிற்று.

அச்சுக்கு முன் வந்த மாதிரிப் பிரதியை ஆசிரியர் பார்த்தார். பிழை ஒன்றுமில்லை. கதை என்னவோ தலைகால் புரியவில்லை, ஆனால் முடிவு என்றால் அப்படித்தான் இருக்கவேண்டும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். தம்பியோ அச்சில் வந்ததைத் திறந்தே பார்க்கமாட்டான். பார்த்தால் குறைகள்தான் கண்ணில் படும் என்று அவனுக்கு ஒரு பயம்.

பத்து நாளில் கடிதங்கள் வந்தன. வழக்கமாக ஒரு கட்டு வரும். இந்தத் தடவை ஒரு பை நிறைய வந்தது. வாசகர் பக்கத்துக்குக் கடிதம் பொறுக்குவதும் எழுத்தக்காவின் வேலைதான். அவள் முதல் கடிதத்தைப் பிரித்தாள். 'பதினோரு வருடம் இழுத்த தேரைத் தெருவில் விட்டுவிட்டீர்கள்.' இரண்டாவது: 'ஒன்றுமே புரியவில்லை. எங்களைக் கேனையர்கள் என்று நினைத்துவிட்டீர்களா?' மூன்றாவது ஒரு மருத்துவமனைச் சலவைப் பிரிவில் வேலை செய்யும் பெண்மணி எழுதியது. இடைவேளையில் கூட வேலை செய்கிறவர்களுக்கு மாதாமாதம் அவர்தான் வாசித்துக் காட்டுவாராம். 'இந்தத் தடவை நான் வாசிக்க வாசிக்க எல்லாரும் சிரித்தார்கள். நீ தப்பாக வாசிக்கிறாய் என்றார்கள். எனக்கு வாசிக்கத் தெரியாது என்றாகிவிட்டது. அன்றைக்குப் பிறகு நான் அங்கே உட்காருவதில்லை.'

அடுத்தது ஒரு லிஃப்ட் மெக்கானிக், சர்வீஸ் படிவத்தின் பின்பக்கத்தில் எழுதியிருந்தார். ஆள் இயந்திரக்காரர், கதையையும் கழற்றிப் பூட்டிப் பார்த்திருந்தார். 'பக்கம் ஒன்பது: பாலத்தைத் தோளில் தாங்கிக்கொண்டு வானந்தாங்கி, வரிசையா நில்லுங்க, தள்ளாதீங்க என்கிறான். சரி, இருக்கட்டும். அடுத்த கட்டத்தில் பாலத்தை இடித்த நொறுக்கி, ஒருத்தரையும் விழ விடமாட்டேன் என்கிறான். அதற்கடுத்து பஸ்ஸை ஓட்டும் அம்மா, இந்த ஊரைப் பொடிப்பொடியாக்காமல் ஓயமாட்டேன் என்கிறார். அவர் பயணிகளை இறக்கிவிட்டுக்கொண்டே அல்லவா இதைச் சொல்கிறார்? கடைசிப் பக்கத்தில் வானந்தாங்கி முகமூடியைக் கழற்றுகிறான். பதினோரு வருடமாக நானும் என் மனைவியும் காத்திருந்த கட்டம். கழற்றிவிட்டு, அந்த டிரைவர் அம்மாவைப் பார்த்து, இத்தனை வருஷமா முகத்தை எதுக்கு மூடிக்கிட்டே என்று கேட்கிறான். முற்றும். அந்த அம்மா எங்கே ஐயா முகத்தை மூடியிருந்தார்?'

எழுத்தக்கா இதழைப் பிரித்தாள். ஒன்பதாம் பக்கத்தைப் படித்தாள். அந்த முதல் இதழுக்குப் பிறகு இப்போதுதான் தன் கையெழுத்தைத் தானே படித்தாள். பிறகு இழுப்பறையிலிருந்து தம்பியின் தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்து, விரலை வைத்து எண்ணிக்கொண்டே வந்தாள். பதினான்கில் போலீஸ்காரரின் பேச்சு வானந்தாங்கி வாயில். அங்கிருந்து அவரவர் பேச்சு அடுத்தவர் வாயில். கடைசிக் கேள்வியைக் கேட்கவேண்டியது டிரைவர் அம்மா. பதில் சொல்லவேண்டியது வானந்தாங்கி. பதில் அறுபத்தொன்றில், இழுப்பறைக்குள் இருந்தது.

'தழும்பெல்லாம் ஒண்ணுமில்லம்மா. ஒவ்வொரு தடவையும் எனக்குப் பயமா இருந்துச்சு. கீழ நிக்கிறவங்களுக்கு அது தெரியக் கூடாதுன்னுதான் மூடிக்கிட்டேன்.'

அக்கா அதை மூன்று முறை படித்தாள். இப்படி ஒரு வரியை எழுதக்கூடியவனா தன் தம்பி என்று ஆச்சரியப்பட்டாள். ஆச்சரியப்பட்டதற்காக அடுத்த நொடியே வெட்கப்பட்டாள். காது மடலெல்லாம் சுட்டது. எதிர் மேசையில் ஆசிரியர் பென்சில் சீவிக்கொண்டிருந்தார். அவருக்குத் தன் முகம் தெரியக்கூடாது என்று பையில் எதையோ தேடுகிறவள் போலக் குனிந்துகொண்டாள்.

அன்றைக்கே சொல்லியிருந்தால் இந்தக் கதைக்கு இங்கேயே மங்களம் பாடியிருக்கலாம். அவள் சொல்லவில்லை. அதைவிடக் கேவலமாக ஒன்று செய்தாள். மெக்கானிக் போல விவரமாக எழுதியவர்களின் கடிதங்களை இழுப்பறைக்குள் தள்ளினாள். 'புரியவில்லை', 'ஏமாற்றம்', 'வெறுத்துவிட்டது' என்று மொட்டையாக எழுதியவர்களை மட்டும் பொறுக்கித் தம்பியிடம் கொடுத்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. இன்று சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று மூன்று வாரம் ஓடியது. தப்பைச் சொல்வது அத்தனை கஷ்டமில்லை. எண் மாறிப்போச்சுடா என்றால் முடிந்தது. எப்படி உனக்குத் தெரியாமல் போச்சு என்று அவன் கேட்டால் என்ன சொல்வது? அந்தக் கேள்விக்குப் பயந்துதான் வாய் திறக்கவில்லை.

தம்பி அந்தக் கடிதங்களை ஒன்று விடாமல் படித்தான். முடிவு யாருக்கும் எட்டவில்லை, தான் எழுதிய அந்தப் பதில் யாரையும் தொடவில்லை என்று முடிவுகட்டினான். ஆள் இளைத்துப்போனான். அடுத்த தொடருக்கு எழுதி வைத்திருந்த குறிப்பு நோட்டைப் பழைய பேப்பரோடு கட்டி வைத்தான். மச்சினன் நடத்தும் டிரைவிங் ஸ்கூலில் படிவம் நிரப்ப ஆள் வேண்டுமாம், போகிறேன் என்றான். ஆசிரியர் வாசகர்களைச் சமாதானப்படுத்த ஒரு ஞாயிற்றுக்கிழமை சந்திப்புக்கு ஏற்பாடு செய்தார். "நல்லதாப் போச்சு. நேர்லயே மன்னிப்புக் கேட்டுட்டு, இனிமே எழுதலைன்னு சொல்லிட்டு இறங்கிடறேன்" என்றான் தம்பி.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது சும்மா இல்லை. சனிக்கிழமை மதியம் எழுத்தக்கா அவன் வீட்டுக்குப் போனாள். அவன் மறுநாளைக்கான சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். அவள் உட்காரவில்லை. நின்றபடியே இதழையும் தாளையும் இஸ்திரி மேசை மேல் வைத்தாள்.

"உன் முடிவு சரியாத்தான் இருக்குடா. நான்தான் மாத்தி எழுதிட்டேன்."

"என்னக்கா சொல்றே?"

"பதினாலாவது பலூனை ஓவியர் எடுத்துட்டார். நான் கவனிக்கல. அதுக்கப்புறம் எல்லாம் ஒண்ணு தள்ளிப் போச்சு. கடைசி வசனத்துக்கு இடமில்லாம விட்டுட்டேன். அதான் யாருக்கும் புரியல."

அவன் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு இதழைத் திறந்தான். ஒன்பதாம் பக்கம். பத்து. உதடு துடித்தது. அழப்போகிறான் என்று நினைத்தாள். சிரித்தான். டிரைவர் அம்மா ஊரைப் பொடிப்பொடியாக்கும் கட்டம் வந்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். "அய்யோ அக்கா! அய்யோ! அந்தம்மா என்ன பாவம் பண்ணாங்க?" கண்ணில் நீர் வழியச் சிரித்தான். மூன்று வாரமாகக் குனிந்திருந்த தலை நிமிர்ந்தது. அக்காவும் சிரித்தாள். இவ்வளவுதானா, இதற்கா இத்தனை நாள் பயந்தோம் என்று நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது.

"அப்போ என் முடிவைப் படிச்சுட்டு யாரும் திட்டல. என் முடிவை யாரும் படிக்கவே இல்ல!" என்றான். "ஆனை மாதிரி வேலை பார்ப்பே, உனக்கும் அடி சறுக்கிடுச்சு பாரு." மறுபடியும் இதழைப் புரட்டினான். புரட்டப் புரட்டச் சிரிப்பு மெதுவாக வடிந்தது. பக்கங்களைப் பின்னாலிருந்து முன்னால் திருப்பினான்.

"அக்கா, இது ஒரு கட்டத்துல இல்லையே. நாப்பத்தேழு பலூன்."

அவன் ஒரு கட்டத்தின் மேல் விரலை வைத்தான்.

"நொறுக்கி எப்படிக்கா காப்பாத்துறேன்னு சொல்லுவான்? ஒரே ஒரு இதழைப் படிச்சவங்களுக்குக்கூடத் தெரியுமே, அவன் யாருன்னு." அவன் நிமிர்ந்து பார்த்தான். "நீ படிச்சுக்கிட்டேதானே எழுதுவே?"

"படிச்சா கை தப்பு பண்ணும்டா..."

"சரி, எழுதறப்போ வேண்டாம். அப்புறம் படிப்பே இல்ல?"

இஸ்திரிப் பெட்டியிலிருந்து சூடு வந்துகொண்டிருந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவனுக்கு அதுவே பதிலாக இருந்தது.

"எத்தனை படிச்சிருக்கே?"

"முதல் புத்தகத்துல... ரெண்டு பக்கம்."

தம்பி எழுந்து, பாதியில் நின்ற சட்டைக் கையை எடுத்துவைத்துத் தேய்க்க ஆரம்பித்தான். தேய்த்த இடத்தையே திரும்பத் திரும்பத் தேய்த்தான். வெகுநேரம் கழித்து, "டீ போடட்டுமாக்கா?" என்றான். வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தாளை எடுத்துக்கொண்டு அவள் படியிறங்கினாள். திட்டியிருந்தால் நின்று வாங்கிக்கொண்டிருப்பாள். டீ போடட்டுமா என்று கேட்டவனுக்கு முன்னால் நிற்க அவளால் முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஒரு தொழிற்சங்கத்தின் கூட்ட அறையில் சந்திப்பு. பிளாஸ்டிக் நாற்காலிகள், மூலையில் சுழலாத ஒரு மின்விசிறி, அறுபது பேர். எழுத்தக்கா கடைசி வரிசையில் கதவோரமாக உட்கார்ந்தாள். வசனத் தாள் கைப்பையில் இருந்தது. தம்பி கேட்டால் கொடுக்கலாம் என்று எடுத்து வந்திருந்தாள். எல்லாவற்றையும் அவன் விளக்கிச் சொல்லப்போகிறான், அறுபது தலையும் தன் பக்கம் திரும்பப்போகிறது என்று நினைத்துக்கொண்டாள். திரும்பட்டும், பட்டுத்தான் தீரவேண்டும் என்று மனசைக் கட்டிக்கொண்டாள்.

தம்பி எழுந்து ஒலிபெருக்கியைப் பிடித்தான். தேய்த்த சட்டை மொடமொடவென்றிருந்தது.

"முடிவு உங்களுக்குப் புரியலைன்னு எழுதியிருந்தீங்க. தப்பு என்னுது. சரியா எழுத வரல. மன்னிச்சுக்கங்க."

அக்கா திடுக்கிட்டாள். அறையில் முணுமுணுப்பு எழுந்தது. முன்வரிசையில் கட்டை மீசை வைத்த ஒருவர் எழுந்தார். கையில் கடைசி இதழ், அதில் இருபது இடத்தில் துண்டுக் காகிதம் சொருகியிருந்தது. சொல்லாமலே தெரிந்தது, இவர்தான் லிஃப்ட் மெக்கானிக்.

"சார், நான் திட்ட வரல. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அவன் எதுக்கு முகத்தை மூடியிருந்தான்? என் வீட்டுக்காரி கேட்டு அனுப்பியிருக்கா. உடம்பு முடியல, அவளால வர முடியல. ஒரு வார்த்தை சொல்லிட்டா போதும்."

தம்பி வாயைத் திறந்தான், மூடினான். "அது... அப்படியே விட்டுட்டேன் சார். எனக்கே தெளிவா தோணல" என்றான்.

"பதினோரு வருஷமா?" என்று கேட்டார் மெக்கானிக். குரலில் கோபமே இல்லை. பின்னால் யாரோ, "தெரியாமத்தான் இழுத்தடிச்சிருக்கான்" என்றார்கள். ஒரு சிரிப்பு. தம்பி தலையைக் குனிந்துகொண்டான்.

தன்னைக் காப்பாற்றுவதற்காக அவன் ஊர் வாயில் விழுகிறான் என்று எழுத்தக்காவுக்குத் தோன்றியது. இதற்குமேல் உட்கார்ந்திருந்தால் அவள் மனுஷியே இல்லை. எழுந்தாள். நாற்காலி பின்னால் சரிந்து விழுந்தது.

"அவன் தப்பு இல்லைங்க. நான்தான் எழுத்து எழுதறவ. அவனோட அக்கா. பேச்சையெல்லாம் ஒண்ணு தள்ளித் தள்ளி எழுதிட்டேன். கடைசி வசனத்தை எழுதாமயே விட்டுட்டேன்."

"அக்கா, உக்காரு" என்றான் தம்பி, ஒலிபெருக்கியில். அவள் உட்காரவில்லை. அவன் பெருந்தன்மை அது என்று எடுத்துக்கொண்டாள். கைப்பையைத் திறந்து தாளை எடுத்து, போலீஸ்காரர் சொன்னது யார் வாயில் போனது, நொறுக்கி சொன்னது யார் வாயில் போனது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். சொல்லச் சொல்ல ஆட்கள் இதழ்களைப் புரட்டினார்கள். "அட!" என்றார் ஒருவர். "அதானே பார்த்தேன்!" என்றார் இன்னொருவர். கடைசியில் அவள் அறுபத்தொன்றாவது வசனத்தைப் படித்தாள்.

மெக்கானிக் அப்படியே நின்றார். "இன்னொரு தடவை படிங்கம்மா" என்றார். படித்தாள். அவர் துண்டுக் காகிதம் ஒன்றை உருவி, முழங்காலில் வைத்து அதை எழுதிக்கொண்டார். வீட்டுக்கு எடுத்துப்போகத்தான். முதலில் ஒருவர் கைதட்டினார், பிறகு எல்லாரும் தட்டினார்கள். அக்காவுக்கு மூன்று வாரத்தில் முதல் தடவையாக மூச்சு ஒழுங்காக வந்தது.

நடுவரிசையில் ஒரு பெண்மணி திரும்பினார். சிரித்த முகம், குத்தவேண்டும் என்று கேட்டதாகத் தெரியவில்லை. "ஏம்மா, எழுதறப்போ வசனம் மாறினது உங்களுக்கே தெரியலையா?"

"நான் படிக்கறதில்லைங்க" என்றாள் எழுத்தக்கா. ஒப்புக்கொள்ளும் வேகத்தில் இருந்தாள். ஒரு தடவை அணை உடைந்தால் நிற்குமா? "எப்பவுமே படிச்சதில்ல. முதல் புத்தகத்துல ரெண்டு பக்கம் படிச்சேன், தூங்கிட்டேன்."

அறையே கொல்லென்று சிரித்தது. நல்ல சிரிப்புதான், பொல்லாத சிரிப்பில்லை. "சொந்த அக்காவுக்கே தூக்கம் வந்துடுச்சா!" என்று ஒருவர் தொடையில் தட்டினார். ஆசிரியரும் சிரித்தார். மேடையில் தம்பியும் சிரித்தான். சிரித்துக்கொண்டே ஒலிபெருக்கியின் ஒயரைக் கையில் சுற்றினான், அவிழ்த்தான், மறுபடி சுற்றினான்.

அதற்குப் பிறகு எல்லாம் நல்லபடியாகவே நடந்தது. அடுத்த மாதம் கடைசிப் பக்கங்களைத் திருத்தி மறுபடி அச்சிடுவதாக ஆசிரியர் அறிவித்தார். தம்பியைச் சுற்றிக் கூட்டம். கையெழுத்து வாங்கினார்கள், தோளில் தட்டினார்கள், அடுத்த தொடர் எப்போது என்று கேட்டார்கள். மெக்கானிக் அவன் கையைப் பிடித்து வெகுநேரம் குலுக்கினார். அக்கா கதவோரம் நின்று பார்த்தாள். பாரம் இறங்கிய உடம்பு லேசாக இருந்தது. வெட்கம் இருந்தது, ஆனால் கழுவிக் காயப்போட்ட வெட்கம்.

எல்லாரும் போனபிறகு தம்பி வந்தான். இருவரும் படியில் இறங்கினார்கள். முதல் வளைவில் அவன் நின்றான்.

"நான்தான் உக்காரச் சொன்னேனே அக்கா."

"எனக்காக நீ எதுக்குடா பழியைச் சுமக்கணும்? எனக்கு மனசு கேக்கல."

"உனக்காகவா?" அவன் அவளைப் பார்க்காமல் கைப்பிடிக் கம்பியைப் பார்த்துப் பேசினான். "முடிவைச் சொதப்பிட்டான்னு நினைச்சா ஒரு புத்தகம்தான்கா போகும். அதைத் தாங்கிப்பேன். ஒரு மாசத்துல மறந்துடுவாங்க. கூடப்பொறந்தவ, ஒவ்வொரு எழுத்தையும் கையால எழுதினவ, அவளே ரெண்டு பக்கத்துக்கு மேல படிக்கலைன்னா... அது எனக்கு மட்டும் தெரிஞ்சிருந்தா போதும்னு நினைச்சேன். நேத்து ராத்திரி முழுக்க யோசிச்சு, அதை மட்டும் யாருக்கும் சொல்லாம இருந்துடலாம்னு வந்தேன்."

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. தன் நெஞ்சில் இருந்த பாரத்தை இறக்கிவைக்க இடம் தேடியிருக்கிறாள். அறுபது பேர் பார்க்க அவன் தலையில் கொண்டுபோய் இறக்கியிருக்கிறாள். அதையும் தியாகம் என்று நினைத்துக்கொண்டு, லேசாக இருக்கிறது என்று கதவோரம் நின்று ரசித்திருக்கிறாள். காயப்போட்டதாக நினைத்த வெட்கம் மொத்தமும் திரும்பி வந்தது.

"இன்னைக்கே படிக்கறேன்டா. முதல் புத்தகத்துல இருந்து. எல்லாத்தையும்."

"வேண்டாம்கா." அவன் குரலில் கோபம் துளியும் இல்லை. "இப்போ படிச்சா, எனக்காகப் படிப்பே. நல்லா இருக்குன்னு சொன்னாலும் நான் நம்பமாட்டேன்."

கீழேயிருந்து ஆசிரியர் தம்பியைக் கூப்பிட்டார். இன்னும் இரண்டு வாசகர்கள் கையெழுத்துக்காகக் காத்திருக்கிறார்களாம். "இதோ வரேன் சார்" என்றான். சட்டையைக் கீழே இழுத்துச் சரிசெய்துகொண்டு, முகத்தில் சிரிப்பை வரவழைத்துக்கொண்டு, அவளைத் தாண்டி இறங்கிப் போனான்.